எச்சில் எடுக்கும் வேலை

ஆகஸ்ட் 18, திங்கள்

பயிற்சி இன்று தொடங்கியது. இத்தனை வருடம் ரத்தம் எடுத்தாயிற்று, இனிமேல் எச்சில் எடுக்க வேண்டுமாம். எங்கள் லேப் மேனேஜர் புதிதாகப் பிடித்த ஒப்பந்தம். துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற கம்பெனிகளில் வண்டியும் கிரேனும் ஓட்டுகிறவர்கள் போதை மருந்து எதுவும் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கே போய் எச்சிலை எடுத்து வர வேண்டும். ரத்தம் என்றால் யூனியன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சிறுநீர் என்றால் கக்கூஸ் வாசலில் யார் காவல் நிற்பது? அதனால் எச்சில்.

லேபிலிருந்து நானும் ரீகனும். ரீகன் முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவன், கடற்கரைத் தெருக்காரன். அந்தத் தெருவில் ஒரு கென்னடியும் இரண்டு கிளின்டனும் இருக்கிறார்கள் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து காமேஷ் என்று ஒருவர் வந்திருக்கிறார். சட்டை மடிப்புக் கலையாத ஆள்.

"மேடம், எச்சில்னு சொல்லாதீங்க. வாய்நீர்னு சொல்லுங்க. இல்லேன்னா குடுக்கறவங்க கூச்சப்படுவாங்க" என்றார்.

"எத்தன பேரு வச்சாலும் எச்சி எச்சிதான சார்" என்றான் ரீகன்.

தினமும் செய்த தப்பை அன்றன்றைக்கு எழுதி வையுங்கள் என்றும் காமேஷ் சொன்னார். மருந்து கம்பெனி ரெப் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஊர்ல உள்ளவன் எச்சியெல்லாம் தொட்டுட்டு வந்து எனக்குச் சோறு போடப்போறியா, புஷ்பம்?" என்று சிரித்தார். இவரும் அந்த மாதிரி ஒரு இடத்தில்தான் வேலை பார்க்கிறார். பைபாஸ் பக்கம் கண்டெய்னர் யார்டில் ஸ்டாக்கர் ஓட்டுகிறார். கண்டெய்னரை அப்படியே தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற வண்டி. அங்கேயும் நாங்கள் ஒரு நாள் போவோம் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேலை பார்க்க எளிது. ஆளை உட்கார வைக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி உள்ளே பார்க்க வேண்டும். புகையிலை, பாக்கு, மிட்டாய் எது இருந்தாலும் துப்பச் சொல்லி, கொப்பளிக்க வைத்து, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் எதிரே உட்கார்ந்து அவரையே பார்க்க வேண்டும். பிறகு பஞ்சு வைத்த குச்சியை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். போதுமான எச்சில் ஊறியதும் குச்சியில் நீல நிறம் ஏறும். அதைக் குழாயில் போட்டு, மூடி, அவர் கண்முன்னே சீல் ஒட்டி, ஒட்டிய பிறகு சீல்மேல் அவர் கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்து முறை தொடர்ந்து தப்பில்லாமல் செய்தால் சான்றிதழ். நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து.

எனக்கு முதலிலேயே தவறியது. ரீகன் வாயில் குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

"மேடம், ஏன் அங்க பாக்கறீங்க?"

"வாயில என்னமோ வச்சிருக்காம்லா சார். அதப் போயி எப்படிப் பாக்க?"

காமேஷுக்குப் புரியவில்லை. சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்காதே என்று அடி வாங்கி வளர்ந்தவள் நான். கண் பட்டுவிடும், வயிறு வலிக்கும் என்பார்கள். வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே இருந்தால் என் கழுத்து தானாகத் திரும்பிக்கொள்கிறது. மதியத்துக்குள் மூன்று தடவை திரும்பியது.

"நீங்க பாக்காத நேரத்துலதான் எல்லாம் நடக்கும்" என்றார் காமேஷ்.

ஆகஸ்ட் 20, புதன்

நாலாவதில் மறுபடியும் திரும்பிவிட்டேன். முதலிலிருந்து. கால் வலி. தோசை மாவு புளித்துப் பொங்கிக் கிடந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலாவதியான பழைய குச்சிகளை வீட்டில் பழகிப்பாருங்கள் என்று காமேஷ் கொடுத்திருந்தார். முதலில் மகளை உட்காரவைத்தேன். வர்ணிகா பதினொன்றாம் வகுப்பு. பத்து நிமிடம் செல்போன் இல்லாமல் உட்காரச் சொன்னதற்கு அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. குச்சியை வைத்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்தமாதிரி உடனே நீலம் ஏறிவிட்டது. "ஃபர்ஸ்ட் மார்க்காம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடினாள்.

பிறகு இவர். முதலில் மாட்டேன் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, எல்லாம் செய்தார். அப்புறம் அந்தப் பத்து நிமிடம்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இப்படி எதிரும் புதிருமாக, டிவி இல்லாமல், சாப்பாடு நடுவில் இல்லாமல் உட்கார்ந்ததே இல்லை. முகம் மெலிந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். பாதியில் தலை தொங்கியது. "தூங்குதியளா?" என்றேன். "இல்லட்டி, யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

குச்சி வைத்து நெடுநேரம் ஆகியும் நீலம் வரவில்லை. அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். நான் திரும்பவில்லை, அவர்தான் என் பார்வையிலிருந்து திரும்பிக்கொண்டார். "ஒங்க பஞ்சு சரியில்ல" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

காலாவதியான குச்சி. வெயில் வேறு. யார்டில் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே நாள் முழுக்க இருந்தால் யாருக்கும் நாக்கு வறளும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று மழை மேகம், வெயிலே இல்லை. இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கவைத்து இவருக்கு மறுபடி வைத்துப் பார்த்தேன். வரவில்லை. அதே பாக்கெட்டில் இருந்த இன்னொரு குச்சியை என் வாயில் வைத்தேன். வந்தது.

வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வரச் சொன்னார். நாலு நாளாக வயிறு சரியில்லையாம். வயதானால் இப்படியெல்லாம் வரும்தான். இவருக்கு நாற்பத்தொன்பது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஐந்தும் சரியாகச் செய்தேன். கழுத்து திரும்பவில்லை. ரீகன் நேற்றே முடித்துவிட்டான்.

கடைசி வகுப்பில், சிலருக்கு எச்சில் ஏன் ஊறாது என்று காமேஷ் பாடம் எடுத்தார். பயம், சர்க்கரை வியாதி, சில மாத்திரைகள் என்று ஆரம்பித்தார். வலிக்குப் போடுகிற சில மாத்திரைகள் வாயைக் காயவைக்குமாம், மலச்சிக்கல் வருமாம், அரிக்குமாம், கண்மணி கடுகாகச் சுருங்குமாம், ஆள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாராம். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகள் துறைமுகப் பக்கம் நிறையப் புழங்குகின்றன, நம் வேலையே இதற்காகத்தான் என்றார். ரீகன் எழுதிக்கொண்டான். எனக்குத் தலைவலி, பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

ரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். எந்த நாள் எந்தக் கம்பெனிக்குப் போகிறோம் என்று பெற்ற தாயிடமும் சொல்லக் கூடாது. சொந்தக்காரர்களிடம் மாதிரி எடுக்கக் கூடாது. போகிற கம்பெனியில் சொந்தக்காரர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் வேலை. ஒரு லாரி கம்பெனி. டிரைவர்கள் வரிசையில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "எக்கா, எங்க வீட்டுக்காரி எச்சியும் வேணுமா? கொண்டாரேன், அவ துப்பிட்டேதான் இருப்பா" என்றான் ஒருத்தன்.

வயதான டிரைவர் ஒருவர், சாமிக்கண்ணு என்று பெயர், குச்சியை என்னிடம் திருப்பிக் கொடுக்கவே மாட்டேன் என்றார். "தாயீ, என் எச்சிய நீ கையால வாங்கலாமா? அங்கன வச்சிருதேன், நீ பெறவு எடுத்துக்கோ." கையுறை போட்டிருக்கிறேன் ஐயா என்றேன். "கையில போட்டது இருக்கட்டும், மனசு கூசுதுல்லா" என்றார். அவர் கையெழுத்தை சீல் ஒட்டுவதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டேன். அது தப்பு. கிழித்துப்போட்டு அவரை மறுபடி உட்காரவைத்தோம். இரண்டாவது தடவையும் அதே கூச்சம்.

வீட்டுக்கு வந்து சாம்பார் வைக்கத் தெம்பில்லை. ரசமும் அப்பளமும்.

செப்டம்பர் 11, வியாழன்

ராத்திரி சாப்பிடும்போது இவர் ஒரு கதை சொன்னார். நேற்று ஒரு பெட்டியை இறக்கும்போது ஓரம் லேசாக ஒரு லாரி கேபினில் இடித்துவிட்டதாம். லாரிக்காரன் டீ குடிக்கப் போயிருந்தானாம். "டீக்கடைக்காரனுக்கு அவன் கோயில் கட்டணும்" என்று சொல்லிச் சிரித்தார். வர்ணிகாவும் சிரித்தாள். நானும்.

செப்டம்பர் 12, வெள்ளி

ரீகனின் மச்சான் அதே யார்டில் லாரி ஓட்டுகிறான். மதியம் சாப்பிடும்போது ரீகன் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "யார்டுல ஒரு லாரில பெட்டி லேசா இடிச்சிச்சின்னு சொல்லுதாவ, லேசா இல்லக்கா. கேபினு அப்பளமா நொறுங்கிப் போச்சாம். ஸ்டாக்கர்க்காரன் பெட்டிய அந்தரத்துல தூக்கி வச்சிக்கிட்டே கண் அசந்துட்டானாம். கீழ ஒடிசாப் பையங்க ரெண்டு பேரு நின்னிருக்கானுவ. ஒரு எட்டு இந்தப்பக்கம் நின்னா அவ்வளவுதான்."

யார் ஓட்டினார் என்று அவனுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் யார்டில் வேலை பார்க்கிறார் என்றும் அவனுக்குத் தெரியாது. துறைமுகத்துல வேலை என்று மட்டும் எப்போதோ சொல்லியிருக்கிறேன்.

டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டேன். கத்தரிக்காய் கசந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

துணி துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை. காலி. பேன்ட்டில் இன்னொன்று, அதில் இரண்டு மிச்சம். பெயரைப் படித்தேன். கழுத்து வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது நாலு வருடத்துக்கு முன்னால். பத்து நாளைக்குத்தான் எழுதினார்.

மகள் டியூஷன் போனதும் எதிரே வைத்தேன்.

"எத்தன போடுதிய?"

"வலிக்குப் போடுதேன்."

"அதக் கேக்கல. எத்தன?"

"ஸ்டாக்கர்ல ஏறி எறங்கிப் பாத்தாத் தெரியும் ஒனக்கு. முதுகு ரெண்டா ஒடியுது. இது இல்லன்னா வண்டியில உக்காரவே முடியாதுட்டி."

"இது இருந்தா உக்காந்தபடியே தூங்குதிய. கீழ ரெண்டு பையங்க நின்னானுவ."

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. தரையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுருதேன். வர்ணிகா மேல சத்தியம்" என்றார். அழுதார். நானும் அழுதேன். சத்தியம் செய்ய அவள் பெயரை எடுத்ததற்காகக் கோபமும் வந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டு நாளாக லீவில் படுத்திருக்கிறார். மூக்கு ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வேர்வை, கொட்டாவிமேல் கொட்டாவி, கால் தானாக உதறுகிறது. வைரல் காய்ச்சல் என்று மகளிடம் சொன்னேன். கஞ்சி வைத்துக் கொடுத்தால் வாந்தி எடுக்கிறார். பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், இதற்கென்று வார்டே இருக்கிறது என்றேன். "குடிகாரனுவ கூட என்னையும் படுக்க வைக்கப்போறியா?" என்று கத்தினார்.

செப்டம்பர் 17, புதன்

இன்று காலை எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். உடம்பு சரியாகிவிட்டது. கால் உதறவில்லை. மூக்கு ஒழுகவில்லை. இட்லி ஐந்து சாப்பிட்டார்.

ஒரே ராத்திரியில் எப்படிச் சரியானது என்று கேட்கவில்லை. அயர்ச்சியாக இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

ஒன்றும் இல்லை. இவர் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். குலசை தசராவுக்கு மாலை போட்டவர்கள் தெருவில் மேளம் அடித்துக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சாயங்காலம் மேனேஜர் என்னையும் ரீகனையும் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நாளைக்கு எங்கே என்று சொன்னார். அந்த இடத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் எடுக்க வேண்டுமாம். அங்கே ஏதோ விபத்து நடந்ததாம், அதனால். "யாருக்காவது அங்க சொந்தம் உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டார். ரீகன், மச்சான் இருப்பதாகச் சொன்னான். மச்சானுக்கு நான் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. நான் எதுவும் சொல்லவில்லை.

ராத்திரி இவருக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது சப்பாத்தி வைக்கும்போது, "நாளைக்கு விளாத்திகுளம் பக்கம் கரண்டு எடுக்கிற காத்தாடிக் கம்பெனிக்குப் போறோம். வர நேரமாவும்" என்றேன்.

"சரி" என்றார். குருமா இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

வெளி இடம் போவதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் இது விதியை மீறியதாக ஆகாது. போகிற இடத்தை நான் சொல்லவில்லையே.

செப்டம்பர் 24, புதன்

எங்கள் வேன் காலை ஏழரைக்கு யார்டுக்குள் நுழைந்தது. இவர் ஆறு மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார்.

சேஃப்டி ஆபீசர் ஓர் அறையைக் கொடுத்தார். மேஜை, இரண்டு நாற்காலி, தண்ணீர் கேன். வண்டியெல்லாம் நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக வரச் சொன்னார்கள். இவர் மூன்றாவதாக வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து ரீகனிடம், "இவரு எங்க வீட்டுக்காரரு. நான் எடுக்கக் கூடாது. நீ எடு" என்றேன்.

ரீகனின் கை அப்படியே நின்றது. "எக்கா... நேத்துக் கேட்டாரேக்கா. அப்பமே சொல்லணும்லா?"

"மறந்துட்டேன்."

"பேரு?"

பெயரை இவரே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. "சேர்மராஜ்" என்றேன். இவர் பெயரை இவர் முன்னால் நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

வெளியே வந்து கண்டெய்னர் நிழலில் நின்றேன். ஒடிசாப் பையன்கள் ஐந்தாறு பேர் அங்கே உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டாக்கர் வண்டி பக்கத்தில் நின்றது. இவ்வளவு பெரியது என்று நான் நினைத்திருக்கவில்லை. சக்கரமே என் உயரம். பத்து நிமிடம் போனது. பிறகு இன்னும் நெடுநேரம் போனது. மற்றவர்களுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. உள்ளே ரீகன், "அண்ணாச்சி, தண்ணி குடிச்சிட்டு மறுபடி பாப்போம்" என்பது கேட்டது. மேனேஜருக்குப் போன் செய்து சொன்னேன். திட்டினார். திட்டட்டும்.

இவர் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். நாலடி போய்த் திரும்பி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 29, திங்கள்

முடிவு வந்துவிட்டது. லேப் டாக்டர் இவருக்குப் போன் செய்து, மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லை. யார்டில் வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. சிகிச்சை எடுத்து, தேறிவிட்டதாகச் சான்று கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்டாக்கர் மறுபடி கிடைக்காது, கேட்டில் உட்காருகிற வேலைதான் என்றார்களாம். எனக்கும் மெமோ. சொந்தத்தை மறைத்ததற்கு.

இவர் நாலு நாளாக என்னிடம் பேசவில்லை. தன் அக்காவிடம் பேசியிருக்கிறார். என் நாத்தனார் ஏரலிலிருந்து போன் செய்தாள்.

"ஊருக்கெல்லாம் புருசன் எச்சிய எடுத்துக் காட்டிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் பொம்பளையா? ஒரு வார்த்த முந்தியே சொல்லியிருந்தா அவன் லீவு போட்டுட்டு வீட்டுல கெடந்திருப்பாம்லா?"

"ஆமா மைனி, கெடந்திருப்பாரு" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

வர்ணிகா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "அப்பாவுக்கு வைரல் காய்ச்சல் இல்லல்லாம்மா?" என்றாள். இல்லை என்றேன். கழுவிய தட்டுகளை வாங்கித் துடைத்து அடுக்கினாள். நான் சொல்லாமல் அவள் செய்தது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 1, புதன்

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. காலையில் பையில் இரண்டு கைலி, பல்பொடி, சோப்பு எடுத்து வைத்துவிட்டு அவர் முன்னால் நின்றேன். கத்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 4, சனி

கால் உதறல், வாந்தி. மருந்து கொடுக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் சாராய கேஸ், இரவெல்லாம் எதையோ ஏலம் போடுகிறமாதிரி கத்துகிறார். நான் லேபுக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு. காலையிலிருந்து தலை வாரவில்லை என்று பஸ்ஸில்தான் கவனித்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கஞ்சி குடித்தார். "உப்பு இல்ல" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அக்டோபர் 9, வியாழன்

லாரி கம்பெனிக்கு மறுபடி போனோம். சாமிக்கண்ணு ஐயா இல்லை, லோடு ஏற்றி வடக்கே போயிருக்கிறாராம். ரீகன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல் கிளாஸைத் திருப்பிக்கொண்டிருந்தான். கேள் என்றேன்.

"நெசமாவே மறந்துட்டியளாக்கா?"

டீ ஆறிவிட்டது, குடி என்றேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். மருந்துப் பை, துணிப் பை, நான், இவர். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸிலேயே போவோம் என்றார். திருச்செந்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. முத்தையாபுரத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

பாலம் தாண்டியதும் பேச ஆரம்பித்தார்.

"காத்தாடிக் கம்பெனின்னு சொன்னேல்லா?"

"ஆமா."

"இந்த லேபுக்கு நீ எத்தன வருசமாப் போற. எங்க போறேன்னு என்னைக்காவது நீயா வந்து சொல்லிருக்கியா? நான் கேட்டாலே பாதிக்குத்தான் பதில் வரும். அன்னைக்கு நான் கேக்கவே இல்ல. சப்பாத்திய வச்சிக்கிட்டு நீயா சொல்லுத. குருமா வேற ஊத்துத, நான் போதும்னு கைய நீட்டுன பெறவும்."

நான் எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பமே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா பெறவு ஏன் போனிய? லீவு போட்டிருக்கலாம்லா?"

கண்டக்டர் சில்லறை கேட்டுக்கொண்டே போனார்.

"போடத்தான் நெனச்சேன். விடிய விடிய அதத்தான் நெனச்சேன். காலைல நீ எனக்கு மின்ன எழும்பி டீ போட்டுக்கிட்டு நின்ன. ஒன் மொகத்தப் பாத்தேன். பொய் சொல்லத் தெரியாதவ, எனக்காவ உக்காந்து ஒரு பொய்ய யோசிச்சிருக்கா. இவள இவ்வளவு தூரத்துக்குக் கொண்டாந்துட்டமேன்னு இருந்துச்சு. அந்த நெனப்புலயே கெளம்பிப் போயிட்டேன். அன்னைக்கும் போட்டுட்டுத்தான் போனேன். போடாமப் போக முடியலட்டி."

இது நடந்த உண்மையா, அல்லது என் தலையிலிருக்கும் பாரத்தை இறக்கிவைப்பதற்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து யோசித்துக் கட்டியதா, எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்கு அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். இருபத்து மூன்றாம் தேதிக்கு நேரே நான் எழுதியிருப்பது வெறும் சால்ஜாப்பு. இவர் பிடிபட வேண்டும் என்றுதான் பொய் சொன்னேன். மேனேஜரிடமும் அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரருக்குத் தகவல் போய்விடும் என்று தேதியையே மாற்றியிருப்பார்கள்.

"மறுபடி அப்படி ஒரு நாள் வந்தா இன்னும் பொய் சொல்லுவியா?" என்றார்.

"சொல்லுவேன்."

"ம்" என்றார். மடியிலிருந்த மருந்துப் பையைச் சரிசெய்துகொண்டு, "அடுத்தவாட்டி குருமா ஊத்தாத" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரிக்கப் பார்த்தார். அந்தத் தெம்பு இன்னும் வரவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் குறட்டை. முன்பெல்லாம் இப்படித் தூங்கினால் எந்தத் தூக்கம் என்று குனிந்து முகத்தைப் பார்ப்பேன். இன்றும் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு நானும் தூங்கிவிட்டேன்.

"எக்கா, ஒங்க டிக்கெட் முத்தையாபுரம்லா?" என்று கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் பழையகாயல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு இறங்கி, எதிர்ப்பக்கம் வருகிற பஸ்ஸுக்காக நின்றோம்.